மார்பில் தெரியாத கட்டி, தோலில் தெரிகிறது: ஆண்களின் மறைந்த மார்பகப் புற்றுநோயும் கீமோதெரபியும்

ஆண் ஒருவரின் நெஞ்சிலோ முதுகிலோ தலையிலோ வலியில்லாத ஒரு கட்டி வருகிறது. அப்புறம் பக்கத்திலேயே இன்னொன்று. கொழுப்புக் கட்டி என்று சில மாதங்கள் போகின்றன, படை என்று களிம்பு தடவியே இன்னும் சில மாதங்கள். கடைசியில் தோல் டாக்டர் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப, ‘மார்பகத்திலிருந்து பரவிய புற்றுநோயாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட் வருகிறது. மார்பைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. மேமோகிராமிலும் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம், ரிப்போர்ட் ஆள் மாறிவிட்டதோ என்பதுதான். அடுத்த கேள்வி, ‘கீமோ எப்போ ஆரம்பிப்பாங்க?’

இந்தச் சந்தேகத்துக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவே செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. பதற்றத்தில் அதைத் தாண்டிப் போனால், பொருந்தாத மருந்தில் பல மாதங்கள் வீணாகிவிடும். கீமோவுக்கு எந்த மருந்து என்பதைவிட, கீமோதான் முதலில் தேவையா என்பது இந்த நோயில் பெரிய கேள்வி என்பது என் கருத்து.

ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. காம்புக்குப் பின்னால் கொழுப்பும் சில பால்குழாய்களும் சேர்ந்த சின்னத் திட்டு. பால் சுரக்கும் நுண்ணறைகள் பெரும்பாலும் வளர்வதில்லை, அதனால் ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் மிகப் பெரும்பாலானவை குழாயில் தொடங்கும் வகைதான். மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேரை எடுத்தால் அதில் ஆண் ஒருவர்கூடத் தேறமாட்டார். அமெரிக்கக் கணக்கில், பெண்களில் 8 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. ஆண்களில் 700 முதல் 800 பேரில் ஒருவருக்கு. வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பி.ஆர்.சி.ஏ.-2 மரபணுப் பிழை, கிளைன்ஃபெல்ட்டர் குறைபாடு (ஆணுக்குக் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் இருப்பது), ஈரல் சுருக்கம், உடல் பருமன், நெஞ்சில் முன்பு வாங்கிய கதிர்வீச்சு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

மார்பில் கட்டி தெரியாமல் வேறிடத்தில் மார்பகப் புற்றுநோய் தலைகாட்டுவதை 1907-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் எழுதி வைத்திருக்கிறார். அக்குளில் நெறிகட்டி வந்தவர்களுக்கு மார்பில் எதுவும் அகப்படவில்லை என்பது அவருடைய குறிப்பு. இன்றைக்கும் ‘மறைந்த மார்பகப் புற்றுநோய்’ என்றால் பெரும்பாலும் அக்குள் நெறிகட்டிதான். மொத்த மார்பகப் புற்றுநோயில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆணுக்கு வருவது அபூர்வம், மறைந்து வருவது அபூர்வம், அதிலும் அக்குளை விட்டுத் தோலில் முதலில் தெரிவது இன்னும் அபூர்வம். அதனால்தான் மருத்துவ இதழ்களில் இதைப் பற்றிக் கிடைப்பவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளாகவே இருக்கின்றன.

மூலக்கட்டி எங்கே போனது? சில சமயம் அது ஸ்கேனில் அகப்படாத அளவுக்குப் பொடியாக இருக்கும். சில சமயம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூலத்தைச் சுருக்கிவிட்டு, அதற்கு முன்பே கிளம்பிப்போன செல்களை மட்டும் கோட்டைவிட்டிருக்கும். இன்னொரு வழியும் உண்டு. கருவில் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை ஓடும் பால்கோட்டில் எங்காவது ஒரு துளி மார்பகத் திசு தங்கி, அதிலிருந்தே புற்று தொடங்கியிருக்கலாம்.

தோலுக்கு வரும் பாதை பெரும்பாலும் நிணநீர்க் குழாய்கள். அவை தோலுக்கு அடியில் வலைபோலப் பின்னிக்கிடப்பதால், உள்ளே வந்த செல் சுற்றுவட்டாரத்தில் வேகமாகப் பரவிவிடும். ரத்தம் வழியாகப் போனால் தலைத்தோல் போன்ற தூரத்து இடங்களில் முளைக்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலும் கெட்டியான, தோல் நிறத்திலோ செந்நீலத்திலோ உள்ள கட்டிகள். சிலருக்குக் கட்டியே இருக்காது. தோலில் கிருமித்தொற்று வந்ததுபோலச் சிவந்து, சூடாக, ஓரம் தெளிவாகத் தெரியும் திட்டாக இருக்கும், ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காது. தலையில் வந்தால் காசு அளவுக்கு முடி கொட்டி வழவழப்பான வட்டம் மட்டும் தெரியும், புழுவெட்டு என்று எண்ணத் தோன்றும். நெஞ்சுத் தோல் மொத்தமும் தடித்து இறுகிப்போகும் வகையை 1838-லேயே பிரெஞ்சு மருத்துவர் வெல்போ விவரித்திருக்கிறார். நாள்பட்டவை உடைந்து புண்ணாகி, நீர் வடிந்து, நாற்றம் எடுக்கும். வாரக்கணக்கில் மருந்து போட்டும் ஆறாத, வலிக்காத, வளர்ந்துகொண்டே போகும் எந்தத் தோல் கட்டியிலும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் இங்கே போதாது.

அந்தத் துண்டுதான் இந்த நோயில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பென்சில் முனை அளவு வட்டக் கத்தியால் தோலின் முழு ஆழத்துக்கும் எடுத்து, உடனே ஃபார்மலினில் போடுகிறார்கள். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்பது விதி. கூடினாலும் குறைந்தாலும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை, அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம் செல்லில் உண்டா என்ற சோதனை, தப்பாக வரக்கூடும். அப்புறம் மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆக்கி, சில மைக்ரான் கனத்தில் சீவிச் சீவிச் சாயம் ஏற்றுகிறார்கள். முதல் சாயத்தில் சுரப்பிப் புற்று என்பது தெரிந்துவிடும். எந்த உறுப்புடையது என்பது அதில் தெரியாது.

ஆணின் தோலில் சுரப்பிப் புற்று என்றால் எந்த நோயியல் மருத்துவருக்கும் முதலில் நுரையீரலும் பெருங்குடலும்தான் நினைவுக்கு வரும். ஆண்களுக்குத் தோலில் பரவுபவற்றில் அவையே அதிகம். அதனால் மார்பகம் என்று சொல்வதற்கு, குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் தனிச் சாயங்களை வைத்து அவர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வரவேண்டும். டி.டி.எஃப்.-1 சாயம் பிடிக்கவில்லையா, நுரையீரலாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது. சி.டி.எக்ஸ்.-2 பிடிக்கவில்லையா, குடலும் பின்னால் போகிறது. பி.எஸ்.ஏ., என்.கே.எக்ஸ்.3.1 இரண்டும் இல்லையென்றால் புரோஸ்டேட்டும் ஏறக்குறைய விலகிவிடும். ஆணுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் புரோஸ்டேட் புற்றிலும் ஆண்களின் மார்பகப் புற்றிலும் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி சேர்ந்தே தெரியும், அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். மறுபக்கம் சி.கே.-7, காட்டா-3, மம்மாகுளோபின், ஜி.சி.டி.எஃப்.பி.-15, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆகியவை ஒன்றுசேர்ந்து பிடித்தால் மார்பகத்தின் பக்கம் சாய்கிறோம். காட்டா-3 சிறுநீர்ப்பைப் புற்றிலும் பிடிக்கும் என்பதால் அதைத் தனியே வைத்து முடிவு செய்வதில்லை.

இதில் எல்லோரையும் திணறடிக்கும் ஒன்று உண்டு. வியர்வைச் சுரப்பியில் தோன்றும் புற்று மார்பகப் புற்றைப் போலவே இருக்கும். கருவளர்ச்சியில் இரண்டும் ஒரே மரபில் வந்த சுரப்பிகள். மேலே சொன்ன சாயங்களில் பல இரண்டிலும் பிடிக்கும். பி.63, பொடோபிளானின் போன்ற சாயங்கள் பிடித்தால் வியர்வைச் சுரப்பியின் பக்கம் எடை கூடும், ஆனால் அது கணிப்புதானே தவிர முத்திரை இல்லை. இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. ஒற்றைக் கட்டியாக வியர்வைச் சுரப்பிப் புற்று இருந்தால் அதை அகலமாக வெட்டி எடுத்தே குணப்படுத்த வாய்ப்பு உண்டு. மார்பகத்திலிருந்து தூரத்துத் தோலுக்குப் பரவியது என்றால் அது நான்காம் கட்டம், உடம்பு முழுவதுக்குமான மருந்துதான் வழி. அதனால் ரிப்போர்ட்டோடு நிற்காமல் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, மார்பக நோயியலில் பழக்கமுள்ள இன்னொருவரிடம் காட்டுவது இந்த நோயில் ஆடம்பரம் இல்லை. பிளாக்கைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

இதற்கிடையில் மூலத்தைத் தேடுவது நடக்கும். இரண்டு பக்கமும் மேமோகிராம், மார்புக்கும் அக்குளுக்கும் அல்ட்ராசவுண்ட், மார்பக எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன். கட்டி மார்பின் மேல் தோலிலேயே இருந்தால் அது தூரத்துப் பரவல் ஆகாது, மூன்றாம் கட்டத்தில் அடங்கும், அதன் சிகிச்சை வேறு. தலையிலோ வயிற்றிலோ முதுகிலோ இருந்தால்தான் நான்காம் கட்டம். தேடலுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லா ஸ்கேனும் எடுத்தும் மூலம் அகப்படவில்லை என்றால், அதைத் தேடிக்கொண்டே சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் பயன் இல்லை. தோலில் இருக்கும் செல்லே தன் குணத்தைச் சொல்லிவிட்டது, அதை வைத்துச் சிகிச்சை தொடங்கலாம். ‘எங்கேயோ இருக்கும்’ என்று சொல்லி மார்பை வெட்டி எடுப்பதற்கும் நான்காம் கட்டத்தில் அவசியம் இல்லை.

இப்போது கீமோவுக்கு வருவோம். முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் கேட்க வேண்டியது, ‘ஈ.ஆர்., ஹெர்-2 என்ன வந்திருக்கு?’ என்பது. செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்பதைத்தான் ஈ.ஆர். என்கிறோம். ஹெர்-2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். ஆண்களின் மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய 90 சதவீதம் ஈ.ஆர். உள்ளவை, பெண்களைவிடவும் அதிகம். ஏற்பி இருந்தால் ஹார்மோனைத் தடுத்தே கட்டியைச் சுருக்கலாம்.

இது புதிய அறிவு இல்லை. 1896-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன், மார்பு எடுத்த பிறகு நெஞ்சுச் சுவரில் மீண்டும் புற்று முளைத்த 33 வயதுப் பெண்ணுக்கு சினைப்பைகளை அகற்றியதும் அந்தக் கட்டிகள் கரைந்ததை லான்செட் இதழில் எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1942-இல் நியூயார்க்கில் ஃபாரோவும் அடேரும், ஆண் நோயாளி ஒருவருக்கு விரைகளை அகற்றியபின் எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்று ஆறத் தொடங்கியதைப் பதிவு செய்தார்கள். கீமோதெரபி என்று ஒன்று அப்போதுதான் கருவாகிக்கொண்டிருந்தது.

இன்று அந்த வேலையை மாத்திரையும் ஊசியும் செய்கின்றன. ஆண்களுக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது டமாக்ஸிஃபென். லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்ற அரோமட்டேஸ் தடுப்பு மருந்துகளை (ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பவை) ஆணுக்குத் தனியாகக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை அடிச்சுரப்பி விரைகளை முடுக்கிவிடும். மருந்து ஒரு பக்கம் அடைப்பதை உடம்பு மறுபக்கம் திறந்துவிடும். அதனால் விரைகளை அடக்கும் கோசெரெலின், லூப்ரோலைடு போன்ற ஊசியோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் கவனிக்கப்படாமல், பெண்களுக்கு எழுதும் சீட்டே ஆணுக்கும் எழுதப்பட்டால் மருந்து பாதி பலன்தான் தரும். இவற்றோடு பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப் போன்ற சி.டி.கே. 4/6 தடுப்பு மாத்திரைகள் (செல் பிரிந்து பெருகுவதைத் தடுப்பவை) சேர்ந்த பிறகு நோய் அடங்கியிருக்கும் காலம் நன்றாகக் கூடியிருக்கிறது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆண்களுக்கும் பால்போசிக்ளிப் கொடுக்க அனுமதித்தது. அதற்காகத் தனிச் சோதனை எதுவும் நடக்கவில்லை. ஏற்கெனவே மருந்து வாங்கிய ஆண்களின் மருத்துவப் பதிவுகளையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 2023 ஜனவரியில் அதன் காப்புரிமை முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரைகள் வந்ததும் விலையும் இறங்கியது.

‘தோலெல்லாம் பரவியிருக்கே, மாத்திரை தாங்குமா?’ என்பது குடும்பத்தாரின் நியாயமான பயம். கண்ணுக்குத் தெரிவதால் தோல் பரவல் உள்ளதைவிடப் பயங்கரமாகத் தோன்றும். உண்மையில், தோலிலும் நெறிகட்டிகளிலும் எலும்பிலும் மட்டும் இருக்கும் நோய்க்கு, ஏற்பி இருந்தால், ஹார்மோன் வழியில் சிகிச்சையைத் தொடங்கலாம். வேகமாகப் பரவும் நோயுள்ள, மாதவிடாய் நிற்காத பெண்களிடம் நடந்த ‘ரைட் சாய்ஸ்’ ஆய்வில், ரிபோசிக்ளிப்போடு சேர்ந்த ஹார்மோன் சிகிச்சை, இரட்டைக் கீமோவைவிட அதிக காலம் நோயை அடக்கிவைத்தது. அதில் ஆண்கள் இல்லை. ஆனாலும் கீமோதான் எப்போதும் வலுவானது என்ற நம்பிக்கையை அது நன்றாகவே அசைத்துவிட்டது.

அப்படியானால் கீமோ யாருக்கு? ஈ.ஆர்., பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 மூன்றுமே இல்லாதவர்களுக்கு ஹார்மோன் மருந்து வேலை செய்யாது, அவர்களுக்குக் கீமோதான் அடித்தளம். ஹெர்-2 உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் ஊசிகளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். ஈரலோ நுரையீரலோ வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தால், ஏற்பி இருந்தாலும் கீமோவில் தொடங்கவேண்டி வரலாம். ஹார்மோன் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலிக்காமல் போகும்போதும் கீமோவின் முறை வருகிறது.

கொடுக்கும் மருந்துகள் பெண்களுக்குக் கொடுப்பவையேதான். வாரம் ஒருமுறை பாக்லிடாக்சல் பலருக்கும் முதல் மருந்து. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 80 மில்லிகிராம், ஒரு மணி நேர டிரிப்ஸ். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் மன்ரோ வாலும் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும். மூலக்கூறின் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். டாக்ஸோரூபிசின் செக்கச்செவேல் என்றிருக்கும், போட்ட ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். கேப்சிடபின் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை. வினோரெல்பின் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் சத்திலிருந்து உருவானது. அதற்காகச் செடியை அரைத்துக் குடிக்கக் கிளம்பினால் அது விஷம். டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் போன்ற புதியவை, கீமோ மருந்தை எதிர்ப்புரதத்தின் முதுகில் ஏற்றிப் புற்றுச் செல்லுக்குள் கொண்டுபோய் இறக்குபவை. ஹெர்-2 கொஞ்சமாக உள்ளவர்களுக்கும் 2022-இல் இதற்கு அனுமதி கிடைத்ததால், ‘ஹெர்-2 நெகட்டிவ்’ என்ற பழைய ரிப்போர்ட்டில் அது பூஜ்யமா, 1+ ஆ என்று திரும்பிப் பார்ப்பது நல்லது.

நான்காம் கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு மருந்தாகக் கொடுப்பதே பொதுவாக விரும்பப்படுகிறது. உயிருக்கு அவசரம் இல்லாதபோது இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அவதி கூடும் அளவுக்கு ஆயுள் கூடுவதில்லை. இந்தக் கட்டத்தில் நோயை முற்றிலும் ஒழிப்பதாக யாரும் உறுதி சொல்ல முடியாது. அடக்கிவைப்பதும், புண்ணை ஆற்றுவதும், நடமாட்டத்தைக் காப்பாற்றுவதும்தான் குறி. அதை முதலிலேயே நோயாளியிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து அவருக்கு மட்டும் தெரியாமல் இருப்பது, பக்கவிளைவுகளைத் தாங்கும் மனத்தை அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறது.

தோல் பரவலில் ஒரு வசதி இருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம். 10 மில்லிமீட்டருக்குக் குறையாத கட்டியைக் காலிப்பரால் அளந்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து வண்ணப் படம் எடுத்துவைக்க வேண்டும் என்று சர்வதேச அளவீட்டு விதியே சொல்கிறது. வீட்டிலும் இதைச் செய்யலாம்: ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் முன்னால், அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்துச் செல்போனில் ஒரு படம். கட்டி தட்டையாகி, செந்நீலம் பழுப்பாகி, புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் ஏறுவது அதில் தெரியும். புதிதாக ஒன்று முளைத்தாலும் தெரியும். டாக்டருக்கு அந்தப் படவரிசை பெரிய உதவி.

கீமோ போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். தோலில் உடைந்த புண் உள்ளவருக்கு அது கிருமிக்குத் திறந்துவைத்த கதவு. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பாக்லிடாக்சலில் விரல் நுனி மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார் என்றால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க நேரம் வந்திருக்கலாம். டாக்ஸோரூபிசினுக்கு முன் இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். வாழ்நாளில் வாங்கக்கூடிய மொத்த அளவுக்கும் அதற்கு வரம்பு உண்டு. குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளைஞராக இருந்தால் முதல் டிரிப்ஸுக்கு முன்பே விந்துவைச் சேமித்துவைக்கலாம். ஆண் நோயாளியிடம் இதைக் கேட்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

புண்ணுக்கு நேரடிச் சிகிச்சையும் கூடவே வேண்டும். கதிர்வீச்சு ரத்தக் கசிவையும் வலியையும் அடக்கும். ஐரோப்பாவில் பல மையங்களில் மின்வழிக் கீமோ செய்கிறார்கள்: பிளியோமைசினைச் செலுத்திவிட்டு, கட்டியில் ஊசிமுனைகளை வைத்து நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு மின்துடிப்பு கொடுத்தால், செல்லின் சவ்வில் நுண்துளைகள் திறந்து மருந்து உள்ளே பாய்கிறது. நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் ஜெல் அல்லது பொடித்த மாத்திரை நல்ல பலன் தரும். மலிவான இந்த ஒன்றைத் தெரியாமல், நாற்றத்துக்குக் கூசித் தனி அறையில் முடங்கிவிடும் மனிதர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

இவ்வளவு சொன்னதில் பெரும்பகுதி பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து இரவல் வாங்கியது. ஆண்களுக்குக் கீமோ கொடுத்து நடந்த ஆய்வுகளில் பேர்பெற்றது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் நடத்தியது. அறுவை முடிந்த, அக்குளுக்குப் பரவியிருந்த ஆண்களுக்கு சி.எம்.எஃப். என்ற முக்கூட்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1974-இலிருந்து 1988 வரை ஆள் சேர்த்தும் கிடைத்தவர்கள் 31 பேர். ஆள் கிடைப்பது அபூர்வம் என்பது ஒரு காரணம். ஆண்களைச் சேர்க்கவே கூடாது என்று ஆய்வுகள் விதி வைத்திருந்தது இன்னொரு காரணம், அதை மன்னிப்பது கஷ்டம். தக்க காரணம் இல்லாமல் ஆண்களை விலக்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. 2020 ஆகஸ்டில்தான் வழிகாட்டுதல் வெளியிட்டது.

கடைசியாக, ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்று என்று உறுதியானதுமே செய்யவேண்டிய ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது: பி.ஆர்.சி.ஏ. உள்ளிட்ட மரபணுச் சோதனை. பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ், சட்டையில் திரும்பத் திரும்ப ரத்தப் பொட்டு தெரிந்ததை வைத்து டாக்டரிடம் போனதையும், தனக்கு பி.ஆர்.சி.ஏ.-2 பிழை இருப்பதையும் 2019-இல் வெளிப்படையாகப் பேசினார். பிழை இருந்தால் சிகிச்சையே மாறும். ஒலாபரிப், டலசோபரிப் மாத்திரைகள் 2018 முதல் பரவிய மார்பகப் புற்றுக்கு அனுமதி பெற்றவை. பிளாட்டினம் வகைக் கீமோவுக்கும் இந்தக் கட்டிகள் நன்றாக இணங்கும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிழை இறங்கியிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகளுக்கு இருந்தால் 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., 30-இலிருந்து மேமோகிராமும் சேர்த்து. மகனுக்கு இருந்தால் 35 வயதிலிருந்து டாக்டரிடம் மார்புப் பரிசோதனை, 40-இலிருந்து புரோஸ்டேட் சோதனை. அப்பாவின் கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.